கருவிலிருந்து அங்கன்வாடி வாசல் வரை: குழந்தை நலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு வயதில் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளையை ஒரு வாரம் கவனித்தாலே பல விஷயங்கள் தெரிந்துவிடும். பாட்டு நடக்கும்போது கை தட்டுகிறதா, பின்னால் நின்று பேர் சொன்னால் திரும்புகிறதா, தட்டில் எதை ஒதுக்குகிறது, காலை பத்து மணிக்கே சுவரில் சாய்ந்து விடுகிறதா என்று பார்ப்போம். மந்தமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "இதுக்குப் படிப்பு ஏறாது டீச்சர்" என்று வீட்டில் முன்பே முடிவு கட்டியிருப்பார்கள். விசாரித்தால் ரத்தசோகை இருக்கும், வயிற்றில் பூச்சி இருக்கும், காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் காலையில் ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும் உள்ளே போயிருக்கும். பசியோடும் சோகையோடும் இருக்கிற பிள்ளைக்கு வண்ணமும் எண்ணும் எப்படி ஏறும்?

அதனால் முன்பருவக் கல்வி என்பது கர்ப்பிணியின் பேர் பதிவேட்டில் ஏறும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியபோதே சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது இதற்காகத்தான். கர்ப்ப காலத்தின் 270 நாள், முதல் இரண்டு ஆண்டின் 730 நாள், ஆகமொத்தம் ஆயிரம் நாள். உடம்பும் மூளையும் மிக வேகமாக வளரும் காலம் அது. அந்த நாட்களில் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: நாள் தள்ளியதும் பதிவு

நாள் தள்ளிப்போனது உறுதியானதும், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள். "மூணு மாசம் முடியட்டும், கண்ணு பட்டுடும்" என்று மறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். அதற்குத் தேவையான ஃபோலிக் அமில மாத்திரையை அப்போது சாப்பிட்டால்தான் பயன். பதிவு செய்ததும் ஒரு பிக்மி எண் தருவார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறவும் அது வேண்டும். அந்த நிதியுதவி ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளது.

தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் தாய்வீடு போகும் பெண்கள் இரண்டு ஊர்ப் பதிவேட்டுக்கும் நடுவில் விடுபட்டுப் போகிறார்கள். மாத்திரையும் சத்துமாவும் அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம் தேவை. போகும்போது தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்த ஊர் அங்கன்வாடியிலும் பேரைச் சொல்லுங்கள்.

படி 2: ஒன்பது மாதச் சாப்பாடும் மாத்திரையும்

கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து, உடனே மருத்துவமனையில் பார்க்க வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். இது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது, மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அட்டை அட்டையாக அலமாரியில் கிடக்கும். கேட்டால் குமட்டுகிறது என்பார்கள், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுவார்கள், குழந்தை கறுத்துவிடும் என்று மாமியார் சொன்னதாகச் சொல்வார்கள்.

மலம் கறுப்பது இயல்பு. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. குமட்டல் இருந்தால் இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போடுங்கள். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளையில் போடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

சாப்பாட்டில் தினம் ஒரு கீரை, ஒரு பருப்பு அல்லது பயறு, முடிந்தால் ஒரு முட்டை. எங்கள் கரிசல் பக்கத்தில் கம்பும் கேழ்வரகும் தாராளம், கடலை மிட்டாய்க்கும் குறைவில்லை. வாங்கித் தின்ன காசு இல்லாத வீட்டிலும் கொல்லையில் முருங்கை நிற்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு கர்ப்பிணிக்கானது. அதை வீடு மொத்தமும் பங்கு போட்டுச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? இதைக் கணவன், மாமியார் இருக்கும்போதே நான் சொல்வேன், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. சமுதாய வளைகாப்புக்குக் கூப்பிட்டால் கட்டாயம் வாருங்கள். வளையலும் ஐந்து வகைச் சோறும் ஒருபுறம் இருக்க, முதல் கர்ப்பத்தில் இருக்கும் சின்னப் பெண்கள் தங்கள் பயத்தை மற்றவர்களிடம் சொல்வது அங்கேதான்.

முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

படி 3: பிறந்த முதல் ஒரு மணி நேரம்

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அதே கணக்கெடுப்பில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான். மருத்துவமனை வரை கூட்டிக்கொண்டு போய்விட்டோம், மார்புவரை கொண்டுபோகவில்லை.

இதற்கு ஒரு காரணம் சிசேரியன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவம் இப்போது அறுவை சிகிச்சைதான். சிசேரியன் ஆனாலும் பால் கொடுக்கலாம். தாய் படுத்தபடியே இருக்க, ஒருவர் குழந்தையை மார்பில் பிடித்து வைத்தால் போதும். இதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடமும் கூட இருக்கப் போகும் பெண்ணிடமும் பேசி வையுங்கள். அந்த நேரத்தில் தாயால் வாதாட முடியாது, துணைக்கு நிற்பவர்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு காரணம் சேனை. வீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் வைக்கும் வழக்கம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் கிருமி உள்ளே போக அதுவே முதல் வாசலாகிவிடும். தேனை ஒரு வயது முடியும்வரை தரவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி பச்சைக் குழந்தையின் நரம்பைத் தாக்கக்கூடும். "சேனை வைக்கணும்னா அந்தச் சீம்பாலையே வைங்க பாட்டி, அதைவிட உசத்தி எது இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலான பாட்டிகள் ஒத்துக்கொள்வார்கள். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைக் கறந்து கீழே ஊற்றிய காலம் உண்டு. குழந்தைக்கு முதல் நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. முதல் நாள் சில ஸ்பூன் அளவு வந்தாலே போதும், குழந்தையின் வயிறு அவ்வளவுதான்.

பிறப்பு எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை. அப்படிப்பட்ட பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோல் ஒட்டும்படி நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டி வைத்திருக்க வேண்டும். கங்காரு முறை என்று செவிலியர் சொல்வது இதைத்தான். அப்பாவும் இதைச் செய்யலாம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். மருத்துவமனையிலேயே நடக்கும். பேர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: முதல் நாற்பது நாள்

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு கைவைத்தியம் தொடங்கும். நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கும். பெரியவர்களை ஒரேயடியாக மறுத்தால் அவர்கள் நமக்குத் தெரியாமல் செய்வார்கள். அதனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பிரித்துச் சொல்கிறேன்.

இதமான எண்ணெய்த் தடவல் நல்லது. தூளி, தாலாட்டு, பிரசவித்தவளுக்குப் பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு எல்லாம் இருக்கட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும், தலையை அழுத்தி உருட்டி வடிவம் செய்வதும் வேண்டாம். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. காயவிட்டால் தானாக விழும். சாம்பிராணிப் புகையைத் தலைமாட்டில் வைத்துக் காட்டுவது பிஞ்சு நுரையீரலுக்குத் தாங்காது. கடை மையில் ஈயம் கலந்திருக்கலாம், கண்ணுக்குள் தீட்டாதீர்கள். உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தேவையில்லை.

தாய்க்குப் பத்தியம் என்ற பேரில் தண்ணீரையே குறைக்கிறார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். கீரை, பழம், முட்டை எல்லாம் வேண்டும், வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகவே வேண்டும்.

மஞ்சள் காமாலை பற்றி ஒரு வார்த்தை. முகத்தில் லேசான மஞ்சள் பல குழந்தைகளுக்கு வந்து போகும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாள் கடத்தக் கூடாது.

அப்புறம் தாயின் மனசு. பிள்ளை பெற்ற முதல் வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராமல், குழந்தையின் மேல் பிடிப்பே இல்லாமல், "நான் இருந்து என்ன" என்று பேசினால் அது நோய். பேய் பிடித்ததென்று மந்திரிக்கப் போவதும், சோம்பேறி என்று திட்டுவதும் அவளை இன்னும் பள்ளத்தில் தள்ளும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வாள் என்று தோன்றினால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தாய் தேறினால்தான் பிள்ளை தேறும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படி 5: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்

தண்ணீர்கூட வேண்டாம். சித்திரை வெயிலிலும் வேண்டாம், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

நான் அதிகம் கேட்கும் புகார் இது: "டீச்சர், பால் பத்தலை, புட்டிப்பால் ஆரம்பிக்கட்டுமா?" நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகுது?" முதல் வாரம் கழிந்த பிறகு ஆறு தடவைக்குமேல், மஞ்சளில்லாமல் வெள்ளையாகப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்த சில நாளில் எடை சற்றுக் குறையும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். அழுவதெல்லாம் பசியல்ல. தூக்கம், ஈரம், சூடு, இல்லை சும்மா தூக்கிக்கொள்ள வேண்டும் என்றும் அழும்.

உண்மையிலேயே பால் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பிடிக்கும் முறையில்தான் குறை. குழந்தை காம்பை மட்டும் சப்பாமல், சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்து வாய் அகலத் திறந்து கவ்வ வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், முகவாய் மார்பைத் தொட வேண்டும், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். காம்பு புண்ணாகி வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வையுங்கள். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். புட்டியைக் கொடுத்தால் மார்பில் குடிப்பது குறையும், குறைந்தால் ஊறுவதும் குறையும். பால்பவுடரையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

வேலைக்குப் போகும் தாய்மார் கறந்து வைத்துப் பாலாடையில் கொடுக்கச் சொல்லலாம். பாலாடை கழுவ எளிது, புட்டியின் ரப்பரைச் சுத்தமாகக் கழுவவே முடியாது.

படி 6: ஆறு மாதம் முடிந்ததும் சோறு

நன்றாகத் தளதளவென்று இருந்த பிள்ளைகள் வாடத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தவறு, தண்ணியாகக் கொடுப்பது. பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி, ரசம் கரைத்த சோறு. குழந்தையின் வயிறு சின்னது, அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடம் ஏது? பருப்பின் சத்து பருப்பில்தான் இருக்கிறது, மேலே தெளிந்த தண்ணீரில் அவ்வளவு இல்லை. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து, கையால் மசித்து, ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். பதம் சரியா என்று பார்க்க ஸ்பூனில் எடுத்துச் சாயுங்கள். ஓடினால் தண்ணி அதிகம். மெல்ல நழுவி விழ வேண்டும். மிக்சியில் கூழாக அடிக்கத் தேவையில்லை. எட்டு மாதத்தில் சின்னச் சின்னக் கட்டிகளை ஈறாலேயே மெல்லப் பழகும்.

முதல் வாரம் இரண்டு மூன்று ஸ்பூன், நாளுக்கு இரண்டு வேளை. பிறகு மெல்லக் கூட்டி ஒரு வேளைக்கு அரைக் கப். ஒன்பது மாதத்தில் மூன்று நான்கு வேளை, நடுவில் ஒரு பலகாரம். ஒரு வயதுக்கு மேல் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே காரமில்லாமல். தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரட்டும்.

இரண்டாவது தவறு, ஒரே சாப்பாட்டைத் தினமும் கொடுப்பது. இட்லியும் சர்க்கரையும், தயிர்ச்சோறு, மறுபடி இட்லி. தாய்ப்பால், தானியம், பருப்பு, பால் பொருள், இறைச்சி மீன், முட்டை, மஞ்சள் பச்சைக் காய்கனி, மற்ற காய்கனி என்று எட்டு வகையாகப் பிரித்துக்கொண்டால், ஒரு நாளில் ஐந்து வகையாவது வயிற்றுக்குள் போக வேண்டும். முட்டையை ஆறு மாதம் முடிந்ததும் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். ஈரல், முள்ளெடுத்த மீன், அரைத்த முருங்கைக்கீரை, மசித்த பரங்கிக்காய், பப்பாளி எல்லாம் தரலாம். புதிதாக ஒன்று கொடுத்தால் இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பாருங்கள். ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. முழு நிலக்கடலை, பொரிகடலை, திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கும், அரைத்தோ மசித்தோ கொடுங்கள்.

அங்கன்வாடிச் சத்துமாவை வெறும் கஞ்சியாகக் காய்ச்சினால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். கொஞ்சம் சூடான தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தேங்காய்த் துருவல் போட்டுக் கொழுக்கட்டை பிடித்து ஆவியில் வேகவையுங்கள். அடையாகவும் தட்டலாம். பெரிய பிள்ளைகளுக்கு நெய் விட்டு உருண்டை பிடித்தால் தட்டு காலியாகிவிடும்.

குழந்தைக்குத் தனித் தட்டு வையுங்கள். அம்மா தட்டிலிருந்து ஊட்டினால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. போனைக் காட்டி ஊட்டாதீர்கள். படத்தில் கண் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும், நிறைந்ததா இல்லையா என்று வயிறு சொல்வது பிள்ளைக்கே கேட்காது. கையை விட்டு அளையட்டும், சிந்தட்டும்.

இந்த வயதில் இரும்புச்சத்து சிரப்பும் வேண்டும்: ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல்! பூச்சி மருந்து ஒரு வயதுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முகாம் நாளில் தருவோம்.

ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வயிற்றில் வந்தால் மூத்தது சவலையாகிப் போகும். குறைந்தது இரண்டு வருடம் கழித்தே அடுத்த கருவைப் பற்றி யோசியுங்கள். காப்பர் டி போன்ற கருத்தடை வழிகளை நர்சம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

படி 7: மாதாமாதம் எடை

எடை போடக் கூப்பிட்டால் "போன மாசம்தானே போட்டோம்" என்பார்கள். ஒரு தடவை போட்ட எடை பெரிதாக எதுவும் சொல்லாது. மூன்று மாதப் புள்ளிகளை வளர்ச்சி அட்டையில் வைத்துக் கோடு இழுத்தால்தான் கதை தெரியும். ஏழாம் மாதம் 7.2 கிலோ இருந்த பெண் குழந்தை, எட்டிலும் ஒன்பதிலும் அதே 7.2 என்றால் புள்ளி இன்னும் சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டையில்தான் இருக்கும். பார்ப்பவர்கள் "பச்சையிலதானே இருக்கு" என்று நிம்மதியாகிவிடுவார்கள். எனக்கு நிம்மதி இருக்காது. கோடு படுத்துவிட்டது, அதுதான் எச்சரிக்கை. சாப்பாடு குறைந்ததா, காய்ச்சல் வந்ததா, அம்மா வேலைக்குப் போகத் தொடங்கினாளா என்று அன்றே பேச வேண்டும்.

பொதுவாக ஐந்தாறு மாதத்தில் பிறப்பு எடை இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பிள்ளையின் சென்ற மாதத்தோடு ஒப்பிடுங்கள். உயரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். எடை குறைவது சில வாரத்தில் தெரியும், உயரம் குறைவது நீண்ட காலச் சத்துக்குறைவின் தடம். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது.

இடது மேல்கையின் நடுவில் நாடாவால் சுற்றளவு பார்ப்போம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 12.5-க்குக் கீழே என்றால் நடுத்தரம். இரண்டு பாதமும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தால் எடை எதுவானாலும் ஆபத்து. 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டறிந்து சிறப்பு உணவும் மருத்துவமும் தருகிறார்கள். கூப்பிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள்.

படி 8: தடுப்பூசி

பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. பிறகு 6, 10, 14 வாரத்தில் ஐந்து நோய்க்கும் ஒரே ஊசியான பென்டாவேலன்ட், போலியோ, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு. நுரையீரல் காய்ச்சலுக்கான நியூமோகாக்கல் ஊசி 6, 14 வாரத்திலும் ஒன்பது மாதத்திலும். அந்த ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ருபெல்லா ஊசியும் முதல் வைட்டமின் ஏ சொட்டும் சேரும். 16-லிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை ருபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும். ஐந்து ஆறு வயதில் இன்னொரு ஊக்க ஊசி. வைட்டமின் ஏ ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று பயந்து இரண்டாம் தவணைக்கு வராமல் போவது வழக்கம். ஒருநாள் லேசான காய்ச்சல் உடம்பு வேலை செய்வதன் அடையாளம். லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம். தவணை தவறியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை, 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. தெருத்தெருவாகச் சொட்டு கொடுத்துத்தான் அது நடந்தது.

படி 9: பேச்சும் விளையாட்டும்

குழந்தையின் மூளைக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த தீனி பேச்சு. விலை உயர்ந்த பொம்மை வேண்டாம். குளிப்பாட்டும்போது "இப்போ கை, இப்போ கால்" என்று சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். 'ங்கா' என்று சொன்னால் நீங்களும் 'ங்கா' சொல்லிவிட்டுக் காத்திருங்கள், மறுபடி சொல்லும். முதல் உரையாடல் அதுதான். உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டு, கிலுகிலுப்பை, நடைவண்டி, மூடி திறக்கும் பழைய டப்பா, மண், தண்ணீர் எல்லாம் போதும். தண்ணீர் வாளியையும் அண்டாவையும் மட்டும் மூடி வையுங்கள், தவழும் பிள்ளை ஒரு சாண் தண்ணீரில்கூட மூழ்கிவிடும்.

போன் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது தெளிவானது. ஒரு வயதுக்குள் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகளின் வீட்டில் விசாரிக்கும்போது, நாள் முழுக்கப் போன் ஓடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எது எப்போது வர வேண்டும்? முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மாதத்தில். தலை நிற்பது நான்கு மாதத்தில். தானாக உட்காருவது ஒன்பது மாதத்துக்குள். நடப்பது 18 மாதத்துக்குள். இரண்டு சொல் சேர்த்து "அம்மா வா" என்பது இரண்டு வயதில். முன்பின் ஆகலாம். ஆனால் ஒரு வயதில் மழலையே இல்லை, பேர் சொன்னால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, வந்த பேச்சு திடீரென நின்றுவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்ற ஆறுதலில் போன நாட்கள் திரும்பக் கிடைக்காது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். நாங்களே அனுப்பி வைப்போம்.

படி 10: உடம்புக்கு முடியாதபோது

வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு பெரிய பாக்கெட்டுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் முழுதாக ஒரு லிட்டர், அளந்து ஊற்றுங்கள். அரை டம்ளரில் கொஞ்சம் தூள் போடுவது தவறு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். கூடவே மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் முழுக்கக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த போங்கான் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலநபிஸ் குழுவினர் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்கள். பல் முளைப்பதால் பேதி, குடல் ஏற்றம், மாந்தம், தொக்கம் என்று வைத்தியம் பார்த்து நாள் கழிப்பதற்குள் பிஞ்சு உடம்பில் தண்ணீர் வற்றிவிடும்.

சளியா, நுரையீரல் காய்ச்சலா என்று தெரிந்துகொள்ள மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இதைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் 108.

கீழ்க்கண்ட எதுவும் தாமதிக்கக் கூடாதவை:

- இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும், அல்லது உடம்பு சில்லிட்டுப்போவதும்
- பால் குடிக்க மறுப்பது, எதைக் குடித்தாலும் வாந்தி
- வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம்
- கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது
- மலத்தில் ரத்தம்

படி 11: அங்கன்வாடியில் சேர்க்கும்போது

இரண்டு வயது முடிந்ததும் கூட்டி வாருங்கள். தாய் சேய் நல அட்டையைக் காட்டுங்கள். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, வலிப்பு வந்ததுண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறது, வீட்டில் எந்தச் சொல்லில் மூத்திரம் போகக் கேட்கும், கூட்டிப்போக யார் யார் வருவார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். பேர் தெரியாத ஆளோடு நாங்கள் அனுப்ப மாட்டோம்.

முதல் சில நாள் அழும். அம்மா ஒரு மணி நேரம் கூட உட்காரலாம், மறுநாள் அரை மணி. கிளம்பும்போது கண்ணை ஏய்த்து ஓடாதீர்கள். "அம்மா மதியம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். இங்கே பாட்டு, கதை, மதியச் சூடான சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, அப்புறம் தூக்கம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

"எப்போ டீச்சர் ஏ பி சி டி எழுதச் சொல்லிக் கொடுப்பீங்க?" என்று பலர் கேட்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்கு இன்னும் தயாராகவில்லை. புளியங்கொட்டை பொறுக்குவதும், களிமண் உருட்டுவதும், நூலில் மணி கோர்ப்பதும் அந்த விரல்களைத் தயார் செய்கின்றன. வீட்டில் கீரை ஆயும்போது ஒரு கொத்தைப் பிள்ளையிடமும் கொடுங்கள்.